மூன்றாம் நம்பருக்கு டிரான்ஸ்ஃபர்

பழைய மாமல்லபுரம் சாலையில் படூரைத் தாண்டியதும் ஓர் அலங்கார வளைவு வரும். உள்ளே நுழைந்தால் முதலில் மழலையர் பள்ளி. அதன் பின்னால் மேல்நிலைப் பள்ளி. அதன் பின்னால் பொறியியல் கல்லூரி. எல்லாவற்றுக்கும் பின்னால், சேர ஆள் வராமல் மூடப்பட்ட ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. அந்தக் கட்டடத்தில்தான் இப்போது மங்களாம்பரம் கருத்தரிப்பு மையம் நடக்கிறது. ஆய்வகச் சுவரில் கரும்பலகை இருந்த இடம் இன்னும் நீளமாக வெளுத்துக் கிடக்கிறது. பெஞ்சுகளை வீணாக்க மனமில்லாமல் காத்திருப்போர் கூடத்தில் போட்டுவிட்டார்கள். கணவர்கள் இடது வரிசை, மனைவிகள் வலது வரிசை.

மையம் எதற்கு என்பதைத் தாளாளர் ஆனந்தன் திறப்பு விழாவிலேயே விளக்கிவிட்டார்.

"முப்பது வருஷமா கல்விப் பணி செய்யறேன். எல்.கே.ஜி.க்கு வரும்போதே பாதிக் குழந்தைங்க கெட்டுப்போய்த்தான் வருதுங்க. அதுக்கப்புறம் நாங்க என்ன பாடுபட்டு என்ன? இன்னும் கொஞ்சம் முன்னாடியே புடிச்சா என்னன்னு யோசிச்சேன். அவ்வளவுதான்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. 'கரு முதல் கேம்பஸ் வரை' என்பது மையத்தின் முழக்கம். கரு உருவான அன்றே எல்.கே.ஜி.யில் இடம் ஒதுக்கிவிடுவார்கள். ஆணா பெண்ணா என்று சொல்வதைச் சட்டம் தடுக்கிறது. ஆனால் பிளஸ் டூவில் முதல் குரூப்பா மூன்றாவது குரூப்பா என்று சொல்ல எந்தத் தடையும் இல்லை, அதைச் சொல்வார்கள்.

அந்த விழாவுக்கு வாசலில் கட்டியிருந்த பேனரில் 'ஆயிரம் குழந்தைகளின் தந்தையே, வருக!' என்று தாளாளரை வரவேற்றிருந்தார்கள். அச்சடித்தவன் ஸ்டான்லி. கேளம்பாக்கம் கூட்டுரோட்டில் சின்னதாக ஃபிளெக்ஸ் கடை வைத்திருப்பவன். அச்சடிக்கும் முன்பே மையத்தின் மேலாளருக்கு போன் போட்டான்.

"சார், ஸ்கூலுக்குன்னா பரவால்ல. புள்ள இல்லாதவங்க வர்ற எடத்துல இத்த மாட்னா வேற மாதிரி அர்த்தம் வருது சார்."

"அய்யாவே எழுதிக் குடுத்த வாசகம்யா. மாட்டு."

மாட்டினான். அன்று வந்த கணவர்களில் ஒருவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மனைவியைத் திரும்ப ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஸ்டான்லி தன் தொழிலில் கெட்டிக்காரன். கடற்கரைச் சாலையில் ஓட்டை போடாத பேனர் ஒரு நாள் தாங்காது என்பது அவனுக்குத் தெரியும். மதியத்துக்கு மேல் கடல் காற்று எழும்பினால் பாய்மரம் மாதிரி உப்பி, கம்போடு பிய்ந்துகொண்டு போய்விடும். அதனால் கட்டுவதற்கு முன் பிளேடை எடுத்து, அங்கங்கே பிறை வடிவத்தில் கீறிவிடுவான். அமைச்சர் கன்னம், நடிகர் நெற்றி என்று பார்க்கமாட்டான். காற்று போகவேண்டும், அவ்வளவுதான்.

பள்ளி, கல்லூரி, மையம் எல்லாவற்றையும் நடத்தும் அறக்கட்டளையோடு அவனுக்கு இருந்த உறவு தொழிலுக்கும் முந்தியது. அந்த மேல்நிலைப் பள்ளியில்தான் அவன் ஒன்பதாம் வகுப்புவரை படித்தான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அந்தப் பள்ளி தொடங்கிய நாளிலிருந்து நூற்றுக்கு நூறு. வழி எளிமையானது. தேறமாட்டார்கள் என்று தோன்றுகிறவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்தப் பள்ளியில் இதுவரை யாரும் தோற்றதில்லை; தோற்கக்கூடியவர்கள் தோற்கும்போது வேறு பள்ளியில் இருந்தார்கள்.

ஸ்டான்லிக்கு டி.சி.யைக் கையில் கொடுத்தவர் அவன் வகுப்பாசிரியை மார்கரெட் மிஸ். கொடுக்கும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "உன் நல்லதுக்குத்தான்டா" என்றார். டீச்சரே தனக்காக அழுததில் ஸ்டான்லி நெகிழ்ந்துபோய், டி.சி.யை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்தான். அரசுப் பள்ளியில் சேர்ந்து அடுத்த வருடம் பத்தாவது தேறினான். இது அறக்கட்டளைக்குத் தெரியாது.

மார்கரெட் மிஸ்ஸும் அவனும் ஒரே தேவாலயம். ஸ்டான்லிக்கும் கூடுவாஞ்சேரிப் பெண் ஜெபாவுக்கும் கல்யாணமாகி வருடங்கள் ஓடி, ஆலயத்தில் யாருக்காவது ஞானஸ்நானம் என்றால் ஜெபா கடைசி வரிசைக்குப் போய் உட்கார ஆரம்பித்தபோது, மிஸ்தான் கூப்பிட்டுச் சொன்னார்.

"எங்க மையத்துக்கு வாங்க. நான் இப்ப அங்கதான், பெற்றோர் ஒருங்கிணைப்பாளர். நம்ம புள்ளைங்கள நான் பாத்துக்க மாட்டேனா?"

ஜெபாவுக்கு நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை. ஊழியர்களுக்கு வண்டி ஒதுக்கும் டிரான்ஸ்போர்ட் டெஸ்க். ஒருநாளில் பல பேரிடம் ஏமாந்து, பல பேரை நம்பாமல், அதிலேயே பழகியவள்.

"யோவ், ஒன்ன வெளிய அனுப்புன எடத்துக்கே போவணுமா?" என்றாள்.

"மிஸ்ஸு கீறாங்க ஜெபா."

அந்த ஒரு வார்த்தைக்கு அவள் ஒத்துக்கொண்டாள்.

*

கருக்கள் உருவானதும் பெற்றோர் ஆசிரியர் கூட்டம் நடந்தது. அதற்கு அப்படித்தான் பெயர். ஆய்வகத்தில் காலையில் இறைவணக்கம், செய்தி வாசிப்பு, தாளாளரின் தன்னம்பிக்கை உரை எல்லாம் ஒலிபெருக்கி வழியாகக் கருக்களுக்குப் போட்டு முடித்த பிறகு, பெற்றோரை ஒவ்வொரு ஜோடியாகக் கூப்பிட்டார்கள். ஆய்வகப் பொறுப்பாளர் டாக்டர் மதுவந்தி திரையில் மூன்று வட்டங்களைக் காட்டினார். பக்கத்தில் மார்கரெட் மிஸ்.

"மூணு வந்திருக்கு. ஒண்ணாம் நம்பர் ஏ கிரேடு. ரெண்டாம் நம்பர் பி. மூணாம் நம்பர்தான் சி கிரேடு. செல் பிரிவு சரியில்லை."

ஸ்டான்லி எழுந்து நின்றுவிட்டான். "பிரிவு மாத்தித் தர முடியாதா மேடம்? நான்கூட 'எஃப்' பிரிவுலதான் படிச்சேன். வாத்தியாருங்க அந்தப் பக்கமே வர மாட்டாங்க. நல்ல பிரிவுல போட்டீங்கன்னா..."

"உக்காருடா" என்றார் மார்கரெட் மிஸ், பழக்கத்தில். அவனும் உட்கார்ந்தான், பழக்கத்தில்.

டாக்டர் மதுவந்திக்குச் சிரிப்பு வரவில்லை. "கிரேடுங்கறது பாக்கறதுக்கு எப்படி இருக்குங்கறதுதான். ஏ கிரேடு நிக்காம போயிருக்கு. சி கிரேடு வளந்து பிள்ளையாப் பொறந்திருக்கு. வாய்ப்பு கம்மி. ஆனா இல்லவே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன்."

"டாக்டர்," என்று மிஸ் மெல்லக் குறுக்கிட்டார், "பேரன்ட்ஸ் முன்னாடி நிச்சயமில்லாமப் பேசக் கூடாதுன்னு சர்க்குலர் வந்திருக்கு."

மூன்றுக்கும் படம் கொடுத்தார்கள். ஒன்றாம் நம்பர் காம்பஸால் வரைந்த மாதிரி இருந்தது. மூன்றாம் நம்பர் ஓர் ஓரத்தில் நெளிந்து, கையால் தட்டிய அடை மாதிரி இருந்தது. ஜெபா அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தோ, இந்த ஓரம் அப்டியே உன் காது மாதிரியே கீது" என்றாள்.

"சி கிரேடுன்னா என் காதுதானா?"

"பின்ன என் காதா?"

மிஸ் குறிப்பேட்டைப் புரட்டி, "ஒண்ணாம் நம்பருக்கு வர்ற வாரம் டிரான்ஸ்ஃபர்" என்றார்.

ஸ்டான்லியின் முகம் இருண்டுவிட்டது. "இன்னா மிஸ் இது! சேந்து ஒரு வாரம்கூட ஆவல. ஏ கிரேடு வேற. அதுக்குள்ள டி.சி.யா?"

ஜெபா அவன் தொடையில் கிள்ளினாள். "யோவ்! இங்க டிரான்ஸ்ஃபர்னா வயித்துல கொண்டாந்து வெக்கிறதுய்யா. மானத்த வாங்காத."

மிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். டாக்டரும் சிரித்துவிட்டார். வெளியில் பெஞ்சில் இருந்தவர்களுக்குச் செய்தி பரவி அவர்களும் சிரித்தார்கள். அன்று முதல் அந்த வீட்டில் டிரான்ஸ்ஃபர் என்பது நல்ல வார்த்தையாயிற்று.

*

ஒன்றாம் நம்பர் நிற்கவில்லை. மையம் அதைத் தோல்வி என்று எழுதவில்லை. 'தேர்வுக்கு வரவில்லை' என்று எழுதியது. மற்ற இரண்டையும் உறையவைத்திருந்தார்கள்; இரண்டாம் நம்பரை உருக்கி எடுக்கும்போது அது மீளவில்லை. 'நீண்ட விடுப்பு' என்று எழுதினார்கள். வெற்றி பெற்றவர்களுக்குள் வெற்றி விகிதம் எவ்வளவு என்று பார்ப்பதே மையத்தின் கணக்கு. அது எப்போதும் நூறுதான் வந்தது.

டாக்டர் மதுவந்தி ஜெபாவைத் தனியே உட்காரவைத்துப் பேசினார். "இனிமே முட்டை எடுக்க உங்க உடம்புல இருப்பு இல்லம்மா. மறைச்சுப் பேச விரும்பலை. இருக்கறது அந்த மூணாம் நம்பர் ஒண்ணுதான்."

"அப்ப அத்த வெச்சிடுங்க."

"வெக்கலாம். நான் எழுதித் தர்றேன். ஆனா தேர்வுக் குழு ஒத்துக்கணும்."

தேர்வுக் குழுவில் தாளாளர், மேல்நிலைப் பள்ளி முதல்வர், பொறியியல் கல்லூரியில் மாணவர்களுக்கு வேலை வாங்கித் தரும் அதிகாரி ஆகியோர் இருந்தார்கள். மருத்துவர் சிறப்பு அழைப்பாளர்; பேச அழைத்தால் பேசலாம். ஸ்டான்லியும் ஜெபாவும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் போய் நின்றார்கள்.

"ஒய் டு யூ வான்ட் திஸ் கேண்டிடேட்?" என்று பள்ளி முதல்வர் ஆரம்பித்தார்.

"புள்ள சார்" என்றாள் ஜெபா.

வேலை அதிகாரி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்த ஓரம் இப்படி இருந்தா, பிற்காலத்துல இன்டர்வியூல கம்யூனிகேஷன் பிராப்ளம் வருமோன்னு யோசிக்கிறேன்."

தாளாளர் ஆனந்தன் கையை உயர்த்தினார். அவர் குரல் எப்போதும் மேடையில் இருப்பது போலவே இருக்கும்.

"அம்மா, நான் உங்க அண்ணன் மாதிரி. மனசைத் திறந்து சொல்றேன். மாமல்லபுரத்துல நம்ம சாதனை விழா வருது. சென்னையிலிருந்து பெரியவங்க எல்லாம் வர்றாங்க. நூற்றுக்கு நூறுன்னு அழைப்பிதழ் அடிச்சாச்சு. இந்த சி கிரேடை வெச்சு, அது நிக்கலைன்னா நான் தோல்வின்னு எழுதியாகணும். வெக்கவே இல்லைன்னா எழுத வேண்டிய அவசியமே இல்லை. எது உத்தமம்? புள்ளையைக் குடுக்கறது கடவுள்மா. பர்சென்டேஜைக் குடுக்கறது நாமதானே?"

"தேர்வுக்கு வரலைன்னு எழுதிக்கோங்க சார். ஒண்ணாம் நம்பருக்கு எழுதினீங்களே" என்றாள் ஜெபா.

"ஏ கிரேடு வரலைன்னா அது உடம்பு சரியில்லைன்னு உலகம் நம்பும்மா. சி கிரேடு வரலைன்னா யாரு நம்புவா?"

ஸ்டான்லி துணிந்துவிட்டான். "சார், நானே இங்க படிச்சு டி.சி. வாங்குனவன்தான். தேற மாட்டேன்னுதான் அனுப்புனீங்க. கவர்மென்ட் ஸ்கூல்ல போயி பாஸ் பண்ணிட்டேன் சார்."

தாளாளர் மேசையைத் தட்டினார். முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா! இடம் மாத்தினதாலதானே பாஸ் பண்ணே? முதல்வர் அய்யா, இந்த மாதிரிப் பசங்களையும் கணக்கெடுங்க. நூத்தைத் தாண்டிடலாம் போலிருக்கே!"

மருத்துவரைப் பேச அழைக்கவில்லை.

வெளியே வராந்தாவில் ஜெபா மார்கரெட் மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரிடமும் கெஞ்சிப் பழகாதவள். "மிஸ், அதுக்கு மேல எனக்கு எதுவும் இல்ல மிஸ். நிக்கலன்னா நிக்கல. அது அதோட விதி. வெச்சு மட்டும் வுட சொல்லுங்க."

மிஸ் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அந்த இடத்திலேயே கண்ணை மூடி, வாய்விட்டு ஜெபம் செய்தார். "ஆண்டவரே, இந்த மகளைக் கைவிடாதேயும்" என்றபோது குரல் உடைந்தது. வராந்தாவில் போன ஆயாகூட நின்று ஆமென் சொன்னாள்.

"நான் சார்கிட்ட பேசறேன்மா. என்கிட்ட வுட்டுடு" என்றார் மிஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

*

போன் வந்தபோது ஸ்டான்லி ஒரு காதுகுத்து பேனரில் தாய்மாமன்களை வயது வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

"ஸ்டான்லி, சார் கையெழுத்துப் போட்டுட்டாருடா. மூணாம் நம்பருக்கு டிரான்ஸ்ஃபர். வியாழக்கெழம ரெண்டு பேரும் வந்துடுங்க."

மிஸ் குரல் இறங்கியிருந்தது. நமக்காகச் சண்டை போட்டுக் களைத்திருக்கிறார் என்று நினைத்தான். "நன்றி மிஸ், ரொம்ப நன்றி மிஸ்" என்று இரண்டு தடவை சொன்னான். மறுமுனையில் மிஸ் போனை வைத்துவிட்டார்.

ஜெபாவுக்குச் சொன்னபோது அவள் நாற்பது பேருக்கு வண்டி அனுப்பவேண்டிய நேரம். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மேசைக்கடியில் குனிந்து அழுதாள். பக்கத்து இருக்கைப் பெண் பாம்போ என்று காலைத் தூக்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை ஜெபா தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். கருவை உள்ளே வைக்கும்போது மூத்திரப்பை நிறைந்திருக்கவேண்டும், அப்போதுதான் ஸ்கேனில் தெளிவாகத் தெரியும் என்று முதல் தடவையே மிஸ் சொல்லிக்கொடுத்திருந்தார். போன தடவை போதவில்லை என்று அரை மணி நேரம் காக்கவைத்தார்கள். இந்தத் தடவை அந்தக் குறை இருக்கக்கூடாது என்று படூர் சிக்னலிலும் ஒரு பாட்டிலைக் காலி பண்ணினாள். ஸ்டான்லி கையில் ஜிலேபிப் பெட்டி.

கூடத்தில் இடது வரிசையில் அவன், வலது வரிசையில் அவள். நேரமாக ஆக ஜெபா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். காலைப் பின்னிக்கொண்டாள். முகத்தில் வேர்வை. ஆனால் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மார்கரெட் மிஸ் வந்தார். கையில் ஒரு பழுப்பு உறை.

"மிஸ், சீக்கிரம் கூப்பிட சொல்லுங்க மிஸ். தாங்கல. சிரிச்சேன்னா இங்கியே போயிடும்."

"எதுக்கும்மா அடக்கிக்கிட்டு இருக்கே? போயிட்டு வா."

"போனா காலியாயிடுமே மிஸ். டிரான்ஸ்ஃபருக்கு ஃபுல்லா இருக்கணும்னு நீங்கதான சொன்னீங்க?"

மிஸ் அவளைப் பார்த்தார். காலடியில் கிடந்த தண்ணீர் பாட்டில்களைப் பார்த்தார். எதிர் வரிசையில் மடியில் ஜிலேபியோடு எழுந்து நின்ற ஸ்டான்லியைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"ஐயோ, அந்த டிரான்ஸ்ஃபர் இல்லம்மா" என்றார்.

ஜெபா பெஞ்சின் விளிம்பை விட்டுவிட்டாள்.

"காலையிலேயே டி.சி. குடுத்தாச்சு. ஃப்ரீசர்லருந்து வெளிய."

ஸ்டான்லி கேட்டது முட்டாள்தனமான கேள்வி. கேட்கும்போதே அது அவனுக்குத் தெரிந்தது. ஆனாலும் கேட்டான்.

"எந்த ஸ்கூலுக்கு மிஸ்?"

மிஸ் உறையை நீட்டினார். மாற்றுச் சான்றிதழ். அறக்கட்டளையின் முத்திரை. நடத்தையும் பண்பும்: நன்று. நீங்கிய காரணம்: பெற்றோர் விருப்பம்.

"வெளிய வெச்சா அது..." என்றான் ஸ்டான்லி.

"உங்க நல்லதுக்குத்தான்டா. இன்னொரு தடவ நிக்கலைன்னா ஜெபா தாங்குவாளா சொல்லு. நான் யோசிச்சுத்தான்..." மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. எப்போதும் போல.

ஜெபா மெதுவாக எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை. வண்டி டெஸ்க்கில் பேசும் அதே குரல்.

"மிஸ், எங்க ஆபீசுல வராதவனுக்கு நோ-ஷோ போடுவோம். அது நியாயம். வாசல்ல வந்து நின்னுகினு இருக்கறவன வுட்டுட்டு வண்டிய எடுத்தா டிரைவர வேலைய வுட்டே தூக்கிடுவோம். இது வந்து நின்னுகினு இருந்துச்சு மிஸ்."

பிறகு பாத்ரூமுக்குப் போனாள். அந்தக் கூடத்தில் வெகுநேரம் குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

டாக்டர் மதுவந்தி அன்று ஊரில் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு கருத்தரங்குக்கு அனுப்பியிருந்தார்கள். தலைப்பு, 'நோயாளியின் ஒப்புதல்: ஒரு பார்வை'.

*

போலீசில் புகார் கொடு என்றார்கள் சிலர். பிள்ளையைக் காணோம் என்று எழுதினால் பெயர் கேட்பார்கள், வயது கேட்பார்கள், கடைசியாக என்ன உடுத்தியிருந்தது என்று கேட்பார்கள். ஸ்டான்லி போகவில்லை.

அடுத்த வாரம் மேலாளரிடமிருந்து ஆர்டர் வந்தது. சாதனை விழா பேனர். நாற்பது அடி. நடுவில் தாளாளர் கும்பிட்டபடி. சுற்றிலும் குழந்தைகளின் பாஸ்போர்ட் அளவுப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே கிரேடு. மேலே தங்க எழுத்தில் நூற்றுக்கு நூறு. ஃபிளெக்ஸ் கடை ஸ்டான்லியும் மூன்றாம் நம்பரின் அப்பாவும் ஒரே ஆள் என்பது மேலாளருக்குத் தெரியாது. டி.சி. வாங்கியவர்களின் பெயர் மையத்தின் கணினியிலிருந்து தானாக அழிந்துவிடும்.

ஸ்டான்லி அதை ஒழுங்காக அச்சடித்தான். தாளாளரின் கன்னத்தை இரண்டு படி வெளுப்பாக்கினான். அது அவர்கள் எப்போதும் கேட்பது. அதே சுருளில் மிச்சமிருந்த துணியில் இன்னொன்றும் அச்சடித்தான்.

விழா மாமல்லபுரத்தில், கடலைப் பார்த்த ஒரு விடுதியில். விடுதி வாசலில் நூற்றுக்கு நூறு. சாலையின் எதிர்ப்பக்கம், கடலுக்கு முதுகைக் காட்டி, சவுக்குக் கம்புகளுக்கு நடுவில், கறுப்புக் கரை போட்ட கண்ணீர் அஞ்சலி. நடுவில் பெரிய வட்டப் படம், ஓர் ஓரம் நெளிந்து. அதன் கீழே:

மூன்றாம் நம்பர்
தோற்றம்: படூர்
மறைவு: டிரான்ஸ்ஃபர்
ஆறாத் துயரில்: அப்பா ஸ்டான்லி, அம்மா ஜெபா

சங்கு மாலை விற்கிறவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாபா இது, நெலாவா?"

"ஆப்பம் மாதிரி கீது. ஹோட்டல்காரர் யாராச்சும் பூட்டாரா?" என்றார் இளநீர்க்காரர்.

ஸ்டான்லியும் ஜெபாவும் கம்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள்.

விருந்தினர் கார்கள் வர ஆரம்பித்தன. முதலில் வந்தவர் பொறியியல் கல்லூரி முதல்வர். அஞ்சலி பேனரில் யார் என்று படித்துக்கொண்டு நிற்பது நம்மவர்களிடம் வழக்கமில்லை, முதலில் கும்பிடவேண்டும். அறக்கட்டளையின் பெருந்தலை யாரோ போய்விட்டார் என்று எண்ணி, தாளாளருக்காகக் கொண்டுவந்த ரோஜா மாலையைப் பேனர்க் கம்பில் போட்டார். பின்னால் வந்தவர்கள் மாலையைப் பார்த்துவிட்டு மாலை போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு வரிசையே நின்றது.

தாளாளர் ஆனந்தனின் கார் வந்து நின்றது. கூட்டத்தைப் பார்த்ததும் இறங்கினார். செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடிக் கும்பிட்டார். புகைப்படக்காரர் மூன்று கோணத்தில் எடுத்தார். கண்ணைத் திறந்த பிறகுதான் பின்னால் நின்ற மார்கரெட் மிஸ்ஸிடம் கேட்டார்.

"யாரும்மா தவறிட்டாங்க?"

மிஸ் பேனரைப் பார்த்தார். நெளிந்த ஓரத்தைப் பார்த்தார். கம்புக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேரைப் பார்க்கவில்லை.

"நம்ம... நம்ம மையத்துல இருந்தது சார்."

தாளாளருக்குப் பதறிவிட்டது. "இருந்ததா? தோல்வியா? இன்னிக்குப் போயா?"

"இல்ல சார். டி.சி. வாங்கினது."

"அப்பாடா" என்று தாளாளர் நெஞ்சில் கையை வைத்தார். "ஒரு நிமிஷம் உசிரே போயிடுச்சு. அப்ப நம்ம கணக்குல வராது." செருப்பை மாட்டிக்கொண்டு, கூட்டத்துக்கு இன்னொரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனார். வரிசையும் அவர் பின்னாலேயே போயிற்று.

மார்கரெட் மிஸ் மட்டும் நின்றார். ஜெபா அவர் முன்னால் வந்தாள்.

"மிஸ், அன்னிக்கு வராந்தாவுல ஜெபம் பண்ணீங்களே. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

மிஸ் சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து நாதஸ்வரம் ஆரம்பித்திருந்தது.

"வெயில்ல நிக்காதம்மா. உடம்பு கெட்டுடும்" என்றார்.

"இனிமே எதுக்கு மிஸ் கெடாம இருக்கணும்?"

மிஸ்ஸுக்குக் கண் கலங்கியது. ஸ்டான்லி அதைப் பார்த்தான். இந்தத் தடவை அவனுக்கு நெகிழ்ச்சி வரவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். மிஸ் சாலையைக் கடந்து உள்ளே போய்விட்டார்.

மதியத்துக்கு மேல் காற்று எழும்பியது. விடுதி வாசலில் நாற்பது அடி பேனர் அசையாமல் நின்றது. தாளாளரின் கன்னத்திலும் குழந்தைகளின் நெற்றியிலும் ஸ்டான்லி போட்டிருந்த பிறைக் கீறல்கள் வழியாகக் காற்று நாகரிகமாகப் போய்வந்தது. ஒலிபெருக்கியில் நூற்றுக்கு நூறு என்றார்கள். கைதட்டினார்கள்.

இந்தப் பக்கம் கம்புகள் முனகின.

"இதுக்கு ஓட்டை போடலியா?" என்றாள் ஜெபா.

"பிளேட எடுத்தேன். இது மேல எங்க வெக்கிறது, சொல்லு."

கடலிலிருந்து வந்த காற்று மொத்தமும் பேனரின் முதுகில் ஏறியது. வட்டம் மெல்ல முன்னால் தள்ளி உப்ப ஆரம்பித்தது. நிறைந்து, திரண்டு, மாதம் நிரம்பிய வயிறு மாதிரி நின்றது. கம்பு பிடுங்கிக்கொள்ள இன்னும் கொஞ்ச நேரம்தான் ஆகும் என்பது ஸ்டான்லிக்குத் தெரியும். ஜெபா கையை நீட்டி, நெளிந்த அந்த ஓரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"அசையுதுய்யா" என்றாள்.